உப்பும் சுண்ணாம்பும்: திண்டுக்கல் தோல் தொழிலில் தூய்மையின் வரலாறு

திண்டுக்கல் நகரின் பழந்தொழில்கள் என்றதும் பூட்டும் சுருட்டுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன என்றாலும், நகரைச் சூழ்ந்த சமவெளியின் நிலத்தையும் நீரையும் அவற்றைவிட ஆழமாக மாற்றியமைத்தது தோல் பதனிடும் தொழிலே ஆகும். இத்தொழில் அடிப்படையில் ஒரு தூய்மைத் தொழில். இறந்த விலங்கின் தோலில் ஒட்டியுள்ள இரத்தம், சதை, கொழுப்பு, மயிர், கிருமி ஆகிய அனைத்தையும் படிப்படியாக நீக்கி, அழுகும் பொருளை அழுகாத பொருளாக மாற்றுவதே அதன் உள்ளடக்கம். அவ்வாறு நீக்கப்பட்டவை எங்கே சென்றன என்னும் கேள்வி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் சட்டத்தாலும் சந்தையாலும் கேட்கப்படாமலே இருந்தது என்பதும், கேட்கப்பட்ட பிறகும் விடை குழாயின் முடிவில் தேடப்பட்டதே தவிரத் தொழிலின் முதல் படியில் தேடப்படவில்லை என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்துகளாகும்.

இச்சமவெளியின் நிலவியலை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனிமலைத் தொடரின் கீழ்ச்சரிவுகளும் நிற்க, இடைப்பட்ட நிலம் மெல்லிய மண் போர்வைக்குக் கீழே கடினமான பாறையால் ஆனது. இங்கே நிலத்தடி நீர் என்பது ஆற்றுப் படுகைகளில் உள்ளதுபோல் தடித்த மணல் அடுக்கில் பரவிக் கிடப்பதன்று. சிதைந்த பாறையின் இடுக்குகளிலும் விரிசல்களிலும் தேங்கி, ஒரு கிணற்றிலிருந்து மற்றொரு கிணற்றுக்கு மெதுவாகக் கசிந்து செல்வது. குடகனாறு இப்பகுதியின் மழைநீரைத் திரட்டிக்கொண்டு வடக்கு நோக்கிச் சென்று அமராவதியில் கலக்கிறது என்றாலும், ஆண்டின் பெரும்பகுதி அது வறண்டே கிடப்பதால் குடிநீருக்கும் பாசனத்துக்கும் மக்கள் நம்பியிருந்தது கிணறுகளைத்தான். நீரோட்டம் இல்லாத ஆற்றில் விடப்படும் கழிவு கடலுக்குப் போவதில்லை. அது விடப்பட்ட இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கி, அருகிலுள்ள கிணற்றை அடைகிறது. இந்த ஓர் உண்மை பின்னால் நடந்த அனைத்துக்கும் அடித்தளமாக இருந்தது.

விலங்கிலிருந்து உரிக்கப்பட்டு இன்னும் பதனிடப்படாத தோலைப் ‘பச்சைத்தோல்’ என்பர். வெப்ப நாட்டில் உரித்த சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் அதைத் தாக்கத் தொடங்கிவிடும் என்பதால், உடனே உப்பைத் தேய்த்து அடுக்கி வைப்பது வழக்கம். உப்பு தோலின் ஈரத்தை இழுத்து வெளியேற்றுவதால் கிருமிகள் பெருக முடியாமல் போகின்றன. பச்சைத்தோலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அளவுக்கு, சில சமயம் அதற்கும் மேலாக, உப்பு இடப்படுவதுண்டு. சந்தையிலிருந்து ‘தோல் ஷாப்பு’ என்று திண்டுக்கல்லில் வழங்கும் பதனிடும் கூடத்துக்கு வந்து சேரும் தோல், ஆகையால், பெரும் உப்புச் சுமையோடுதான் வருகிறது. அங்கே முதல் வேலை அதைத் தண்ணீரில் ஊறப்போடுவது. உப்பும் இரத்தமும் மண்ணும் சாணமும் இந்த முதல் நீரில் கரைந்து வெளியேறுகின்றன. அடுத்து, ஊறிய தோலைச் சுண்ணாம்புக் குழியில் இறக்குவர். சுண்ணாம்பும், பிற்காலத்தில் அதனுடன் சேர்க்கப்பட்ட சோடியம் சல்பைடு என்னும் வேதிப்பொருளும் மயிரின் வேரைத் தளர்த்திவிடுவதால், மயிரை வழித்தெடுக்கவும் உட்புறச் சதையைச் செதுக்கவும் முடிகிறது. பிறகு தோலில் தங்கிய சுண்ணாம்பைக் கழுவிப் போக்கியபின்தான் பதனிடுதல் என்னும் முக்கியப் படி வருகிறது. தோலில் உள்ள புரத இழைகளை ஒரு பொருளோடு நிலையாகப் பிணைத்து, இனி எந்த நுண்ணுயிரும் அதை அழுகச் செய்ய முடியாதபடி ஆக்குவதே பதனிடுதல். முதலிலிருந்து இறுதிவரை எண்ணினால் ஒரு டன் பச்சைத்தோலுக்கு ஏறத்தாழ 30,000 முதல் 40,000 லிட்டர் நீர் செலவாகிறது. ஒவ்வொரு படியும் கழுவுதலே. ஒவ்வொரு கழுவுதலுக்குப் பிறகும் தோல் சிறிது தூய்மையாகிறது, நீர் சிறிது கெடுகிறது.

பழைய முறையில் பதனிடும் பொருள் மரப்பட்டையாக இருந்தது. தமிழ்நாட்டின் வறண்ட மேட்டு நிலங்களில் தானாகவே வளரும் ஆவாரையின் பட்டை, தோலைப் பதனிடும் துவர்ப்புச் சத்து நிறைந்தது. அதனுடன் கடுக்காயும், இறுதியில் மென்மைக்காக எண்ணெயும் சேர்க்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் இவ்வாறு பாதி பதப்படுத்தப்பட்ட தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் வணிகப் பெயரோடு இலண்டன் சந்தையில் பெருமளவில் விற்பனையாயிற்று. 1875இல் திருச்சிராப்பள்ளி–மதுரை இருப்புப் பாதை திண்டுக்கல் வழியாகத் திறக்கப்பட்டதும் சுற்றுவட்டாரச் சந்தைகளின் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் இங்கே குவிவதும், பதனிட்ட சரக்கு துறைமுகங்களுக்குச் செல்வதும் எளிதாயின. திண்டுக்கல் மலைக்கோட்டைக்குத் தெற்கிலுள்ள பேகம்பூர் முதலிய பகுதிகளில் முஸ்லிம் வணிகர்கள் நடத்திய தோல் ஷாப்புகளும், அவற்றில் உழைத்த தலித் தொழிலாளர் குடியிருப்புகளும் நகரின் அமைப்பையே வடிவமைத்தன. பட்டைக் கழிவு நிறத்தாலும் நாற்றத்தாலும் கொடியதாக இருந்தபோதிலும், அதில் உள்ள துவர்ப்புச் சத்து காலப்போக்கில் மண்ணில் சிதையக்கூடியது. உப்பு அவ்வாறு சிதைவதில்லை. பட்டைக் காலத்தில் மாசே இல்லை என்றும் பின்னாளில் குரோமியப் பதனீடு வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது என்றும் சொல்லப்படும் கருத்து ஏற்கத்தக்கதன்று. உப்புச் சுமை முதல் நாளிலிருந்தே இருந்தது, தொழிலின் அளவு சிறிதாக இருந்ததால் அது கண்ணில் படாமல் இருந்தது.

நகர நிர்வாகம் இத்தொழிலை எவ்வாறு பார்த்தது என்பது தனிக் கவனத்துக்குரியது. திண்டுக்கல் நகராட்சி 1866இல் தோற்றுவிக்கப்பட்டது. அக்காலத்தில் ஐரோப்பிய மருத்துவ உலகில் வலுவாக இருந்த கோட்பாடு, அழுகும் பொருளிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்பதாகும். இலண்டனில் ஜான் ஸ்னோ 1854இலேயே ஒரு தெருக்குழாயின் நீரையும் காலராவையும் தொடர்புபடுத்திக் காட்டியிருந்தார். இராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டறிந்தார். இருந்தும் நகராட்சிச் சட்டங்களின் அடிப்படையில் நாற்றத்தின் மீதான அச்சமே நீடித்தது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் தோல் பதனிடுதலை ஆபத்தான அல்லது அருவருப்பூட்டும் தொழில்களின் வரிசையில் வைத்து, அதற்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவிலேயே முதலாவதாகக் கருதப்படும் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் தொல்லை தரும் தொழில்களைக் கட்டுப்படுத்த வழிசெய்தது. இத்தகைய சட்டங்களின் இயல்பான விளைவு, தோல் ஷாப்புகள் குடியிருப்பைவிட்டு விலகி ஊர்ப்புறத்துக்கு நகர்வதே ஆகும். நகரத்தாரின் மூக்குக்கு அது நன்மை செய்தது. ஆனால் ஊர்ப்புறம் என்பது வெற்றிடமன்று. அது உழவர்களின் கிணறுகள் நிறைந்த நிலம். நாற்றத்தை விலக்குவதற்காக எடுக்கப்பட்ட நடவடிக்கை கழிவைப் பாசனக் கிணறுகளின் அருகே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை அக்காலச் சட்டத்தின் பெருங்குறையாகவே கொள்ள வேண்டும்.

கிருமிக் கோட்பாடு நிலைபெற்ற பிறகும் இக்குறை தீரவில்லை. கிணற்றில் வெளுப்புத்தூள் இடுவதும், நீரைக் காய்ச்சிக் குடிப்பதும் இருபதாம் நூற்றாண்டின் சுகாதாரப் பணியாளர்கள் ஊர்தோறும் கற்பித்த வழிகள். காலராவையும் குடற்காய்ச்சலையும் தடுப்பதில் அவை பெரும் பயன் தந்தன. கரைந்த உப்பின் முன்னால் இவ்விரண்டும் பயனற்றவை. காய்ச்சும்போது நீர் ஆவியாகி உப்பு மேலும் செறிவடைகிறது. வெளுப்புத்தூள் உப்பை எதுவும் செய்வதில்லை. மாசு என்றாலே உயிருள்ள கிருமி என்று பழகிப்போன ஒரு சுகாதார முறைக்கு, உயிரற்ற மாசைத் தன் பொறுப்பாகக் கருதத் தெரியவில்லை.

தோலைத் தூய்மைப்படுத்தியவர்களின் உடலும் இதே புறக்கணிப்புக்கு ஆளானது. சுண்ணாம்புக் குழிக்குள் வெறுங்காலோடு இறங்கி நின்று தோலைப் புரட்டியவர்களின் கைகால்களில் தோல் வெந்து புண்ணாவது அன்றாட நிகழ்வாக இருந்தது. பதனிடாத தோல் வழியாகப் பரவக்கூடிய அடைப்பான் முதலிய விலங்கு நோய்கள், சல்பைடு கலந்த குழியில் அமிலம் பட்டால் எழும் நச்சு வாயு ஆகிய அபாயங்களும் இத்தொழிலில் எப்போதும் உடனிருப்பவை. சாதியப் பார்வை இதற்கு மேலும் ஒரு சுமையைச் சேர்த்தது: ஊரின் மிகக் கடினமான தூய்மைப் பணியைச் செய்தவர்களே தூய்மையற்றவர்கள் எனப்பட்டனர். 1940களில் ஏ. பாலசுப்பிரமணியம் முதலிய பொதுவுடைமை இயக்கத்தினர் இத்தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினர். அப்போராட்டக் காலத்தைக் களமாகக் கொண்டு, திண்டுக்கல்லில் வழக்கறிஞராகப் பணியாற்றிய எழுத்தாளர் டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ என்னும் நாவல் 2012ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருதைப் பெற்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொழிலாளர் கைகால் கழுவப் போதிய வசதியை ஆலை நிர்வாகம் செய்துதர வேண்டும் என்று விதித்தது. தோலைக் கழுவ ஆயிரக்கணக்கான லிட்டர் நீர் இறைக்கப்பட்ட இடத்தில், அதைக் கழுவியவர் தம்மைக் கழுவிக்கொள்ள நீர் வேண்டும் என்பதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை வேதனையோடுதான் குறிப்பிட வேண்டியுள்ளது.

குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிடும் முறை இந்தியாவுக்குப் புதிதாக வந்தபோது, அதன் நோக்கம் நீர்ப்பாசனத்தோடு தொடர்புடையதாக இருந்தது. சென்னை மாகாணத்தில் தொழில் வளர்ச்சிக்காகப் பாடுபட்ட ஆல்பிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் தோல் சோதனைகளை நடத்தினார். நீரில் நெடுநாள் ஊறினாலும் கெடாத இத்தோல், கவலை ஏற்றத்தில் மாடு கட்டி நீர் இறைக்கும் பறிகளுக்கு ஏற்றது என்று அவர் கண்டார். திண்டுக்கல் சமவெளி போன்ற கிணற்றுப் பாசன வட்டாரங்களுக்கு அது பெரும் உதவியாக இருந்திருக்கும். இருப்பினும் இங்கே பட்டைப் பதனீடே பல பத்தாண்டுகள் கோலோச்சியது. திருப்பம் 1970களில் வந்தது. பாதி பதனிட்ட தோலை மலிவாக ஏற்றுமதி செய்யாமல் முழுமையாக முடித்த தோலையும் காலணிகளையும் ஏற்றுமதி செய்தால் அந்நியச் செலாவணி பெருகும் என்று சீதாராமையா குழு பரிந்துரைத்ததை ஒட்டி, 1973 முதல் மைய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. பட்டையில் வாரக்கணக்கில் கிடந்த தோல், சுழலும் மரப் பீப்பாய்களில் ஓரிரு நாளில் குரோம் ஏறி நீல நிறத்தோடு வெளிவரும் புதிய முறை பரவிற்று. வழக்கமான குரோம் முறையில் இடப்படும் குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவே தோலில் ஏறுகிறது. எஞ்சியது கழிவுநீரோடு போகிறது. நாட்டின் பொருளாதார நோக்கில் அக்கொள்கை வெற்றியே; அதன் நீர்க்கணக்கை எவரும் போட்டுப் பார்க்கவில்லை.

அக்கணக்கை உழவர்கள் போட்டனர். தோல் ஷாப்புகளுக்கு அருகிலிருந்த கிணறுகளில் நீர் கரிக்கத் தொடங்கியது, வெள்ளாமை குன்றியது, குடிக்க நல்ல தண்ணீர் தேடித் தொலைவுக்கு நடக்க வேண்டியதாயிற்று. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய கணக்கெடுப்பில், குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன. இந்த எண்ணிக்கை பின்னாளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. நீரின் கரிப்பை மதிப்பிட ஓர் அளவுகோல் உண்டு: இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள், அதாவது நீர் ஆவியானபின் எஞ்சும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு வழியில்லாத இடங்களில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு பாலாற்றுப் படுகையிலிருந்து எழுந்தது என்றாலும், அதன் எல்லைக்குள் திண்டுக்கல்லும் வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் மைல்கல்லாகக் கருதப்படுகிறது. தீங்கு நேரும் என்பதற்கு முழுச் சான்று கிடைக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கை நெறியும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அது அறிவித்தது. அப்போதைய வடஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத ஆலைகள் இயங்கக் கூடாது என்று ஆணையிடப்பட்டது. பாதிக்கப்பட்டோரை இனங்கண்டு இழப்பீட்டை மதிப்பிட, ஓய்வுபெற்ற நீதிபதி பி. பாஸ்கரன் தலைமையில் அதே ஆண்டு செப்டம்பர் 30இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. கெட்டுப்போன கிணற்றுக்கு ஒரு விலை உண்டு என்பதும், அதைக் கெடுத்தவர் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் வாயிலாக முதன்முறையாக இவ்வட்டார உழவர்களுக்கு உறுதியாயிற்று.

பல ஆலைகளின் கழிவைக் குழாய்வழி ஓரிடத்தில் திரட்டித் தூய்மைப்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் திண்டுக்கல்லிலும் இயங்கத் தொடங்கியது. இங்கேதான் முன்பு சொன்ன உப்பின் இயல்பு மீண்டும் குறுக்கிடுகிறது. இத்தகைய நிலையங்களில் கழிவைப் படிய வைத்தும், நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைத்தும் தூய்மை செய்கின்றனர். சதைத் துணுக்கு, கொழுப்பு, சல்பைடு முதலியவற்றை அவ்வழியில் நீக்கலாம், குரோமியத்தைக்கூடச் சேறாகப் பிரித்தெடுக்கலாம். கரைந்த உப்பு இவற்றில் எதற்கும் வசப்படாமல் உள்ளே வந்தவாறே வெளியே செல்லும். ஒரு டன் பச்சைத்தோலோடு வரும் 400 கிலோ உப்பில் பாதி மட்டுமே நீரில் சேர்ந்தாலும், அதை 40,000 லிட்டரில் பங்கிட்டால் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் ஆகிறது. நிலப்பரப்பு நீர்நிலைகளில் விட அனுமதிக்கப்பட்ட உச்ச அளவோ 2,100 மில்லிகிராம். சவ்வூடு அழுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையைச் சேர்த்தால் இதைச் சரிசெய்யலாம் என்றாலும், அதற்கு மின்செலவு மிகுதி. பிரித்தெடுத்த உப்பை எங்கே வைப்பது என்னும் கேள்வியும் எஞ்சி நிற்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் குடகனாற்று மேற்படுகையின் நிலத்தடி நீரைக் கணினி மாதிரிகளால் ஆராய்ந்தபோது, மாசின் வரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் இருபது ஆண்டுகளில்கூட நீர் பழைய நிலைக்குத் திரும்பாது என்று தெரியவந்தது. பாறை இடுக்குக்குள் இறங்கிய உப்பை வெளியே எடுக்க மழையைத் தவிர வேறு கருவி இல்லை. மழையோ இச்சமவெளியில் குறைவு.

ஆகவே தடுப்புக்குரிய இடம் தொழிலின் முதல் படியே ஆகும். தோலைத் தண்ணீரில் போடுவதற்கு முன், மேலே ஒட்டியுள்ள உப்பை உலர்ந்த நிலையிலேயே உதறித் தட்டி எடுத்துவிடுவது மிக எளிய முறை. சாய்வான மரச்சட்டத்தின் மேல் தோலை அறைந்து தட்டும் வழக்கத்தைச் சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பும் பரிந்துரைத்துள்ளன. அதன்பின் முதல் ஊறல் நீரை மற்றக் கழிவோடு கலக்கவிடாமல் தனிக் கால்வாயில் பிரித்து, கசியாத பாத்திகளில் வெயிலில் காயவைக்கலாம். குரோம் நீரையும் தனியே பிடித்து, மக்னீசியம் ஆக்சைடால் படியவைத்து, அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தலாம். கலக்காமல் பிரித்து வைப்பது என்பதே இவை மூன்றின் பொதுத் தன்மை. சமையலறையில் பச்சை இறைச்சியையும் சமைத்த உணவையும் தனித்தனியே வைப்பதில் உள்ள அதே அறிவு இது. இம்முறைகள் முழுமையாக வேரூன்றாமைக்கு அறியாமை காரணமன்று. உப்பு மலிவானது, தட்டி எடுக்கும் கூலி அதைவிட மிகுதி, எடுத்த உப்பு அழுக்கானது என்பதால் விலை போகாது. செலவு ஆலைக்கும் பயன் அடுத்த ஊர்க் கிணற்றுக்கும் சேர்வதால், சட்டம் வலியுறுத்தாத வரையில் எந்த ஆலையும் இதை முனைந்து செய்வதில்லை.

இன்று கண்காணிப்பு பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேறும் குழாயில் நடக்கிறது. அது தொடரட்டும், அதனுடன், ஒவ்வொரு கூடத்திலும் எவ்வளவு உப்பு உள்ளே வந்தது, எவ்வளவு தட்டி எடுக்கப்பட்டது, எடுத்தது எங்கே சேர்க்கப்பட்டது என்னும் கணக்கையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுப் பெற வேண்டும். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் கிணற்று நீரை ஆண்டுதோறும் கோடையிலும் மழைக்குப் பின்னும் சோதித்து, முடிவுகளைக் கிணறு வாரியாகக் கிராம சபைக் கூட்டத்தில் படித்துக் காட்டி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.